கால்சியம் வாசலும் உப்பில்லாத வருஷமும்

முகம் வீங்கியபோது ஊரே நான் அழகாகிவிட்டதாகச் சொன்னது. பூண்டு விலை நன்றாக இருந்த வருஷம் அது. வில்பட்டியில் நாற்பத்தாறு வயசு விவசாயிக்குக் கன்னம் உப்பினால், கையில் காசு சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். காலையில் கண்ணைத் திறக்கச் சிரமப்பட்டேன். சாயங்காலம் கால் வீங்கி, கொலுசு போட்ட இடம் பள்ளமாகத் தெரிந்தது. குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றார் என் கணவர். இருபத்தைந்து வருஷமாக இதே குளிரில்தான் குடித்தனம் பண்ணுகிறேன், இந்த வருஷம் மட்டும் குளிர் எனக்கென்று தனியாக வந்ததா என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அவர் பம்பு செட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

சிறுநீரில் சோப்புத் தண்ணீர் போல நுரை நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பயந்தேன். கொடைக்கானல் டவுனில் பரிசோதித்தார்கள். புரதம் நான்கு ப்ளஸ் என்று வந்தது. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிறுநீரக மருத்துவர், என் அக்கா மகள் வயசுதான் இருக்கும், முதுகு வழியாக ஊசி விட்டு நூல் கனத்துக்குச் சதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய என் உடம்பின் காவல் செல்களே என் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுத்துக்கொண்டிருக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதை.

முதலில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். இதைச் சாப்பிட்டால் கோபம் கொஞ்சம் கூடுதலாக வரும் என்று எச்சரித்தார். என் கணவர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “இருக்கறதுக்கு மேலயாங்க?” என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான்கு மாதம் சாப்பிட்டேன். பசி வந்தது, தூக்கம் போனது, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு வரப்புத் தகராறு ஒன்று வந்தது. புரதம் மட்டும் அசையவே இல்லை.

அடுத்த மாத்திரையை எழுதும்போதுதான் கால்சியம் வாசலைப் பற்றி அவர் சொன்னார். எனக்குப் புரியாத மருந்தை நான் விழுங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் சொன்னார். பேனாவால் ஒரு வட்டம் போட்டார். காவல் செல்லின் சுவரில் கால்சியம் நுழைவதற்கென்றே சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றனவாம். வாசல் திறந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால் செல்லுக்குச் ‘சண்டைக்குக் கிளம்பு’ என்று உத்தரவு போகும். இந்த மாத்திரை வாசலை மூடாது. கால்சியம் உள்ளே வந்தபிறகு அந்த உத்தரவைக் கொண்டுபோகிற ஆளைப் பிடித்து நிறுத்தும். பிறகு இன்னொரு வட்டம் போட்டு அதற்குக் கால்கள் வரைந்தார். சிறுநீரக வடிகட்டியில் கால் முளைத்த செல்கள் உண்டு, ஒன்றோடொன்று விரல் கோத்தது போல நின்று புரதத்தை வெளியே விடாமல் தடுப்பவை அவைதான் என்றார். அந்தச் செல்களிலும் கால்சியம் வாசல் இருக்கிறது. அது மூடாமல் கிடந்து கால்சியம் ஓயாமல் நுழைந்தால் கால்கள் சப்பையாகி, இடைவெளி விழுந்து, புரதம் ஒழுகிவிடும். இந்த மாத்திரை அந்தக் கால்களையும் தாங்கிப் பிடிக்கும். அந்த வாசலையே நேராகச் சாத்துகிற மருந்தை இப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், அது வரும்வரை நமக்கு இதுதான் என்றார்.

எங்கள் தோட்டத்துத் தெளிப்பான் குழாயில் கேட் வால்வு பழுதாகி, தண்ணீர் நிற்காமல் ஓடி, ஒரு பாத்திப் பூண்டே அழுகிப்போனது என் ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கு வந்ததும் என் கணவர் பால்காரரை நிறுத்தச் சொன்னார். பாலில் கால்சியம் இருக்கிறதாம். வாசல் கெட்டதற்குத் தண்ணீரை ஏன் வைகிறீர்கள் என்று சத்தம் போட்டேன். மறுநாள் பால்காரர் வந்தார்.

அந்த மாத்திரைக்குச் சட்டதிட்டம் அதிகம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, மணி தவறாமல் போட வேண்டும். ரத்தத்தில் அது சரியான அளவில் நிற்க வேண்டும். குறைந்தால் வேலை செய்யாது. கூடினால் எந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வந்ததோ அதையே கெடுக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். அளவு பார்ப்பதற்கு, காலை மாத்திரையைப் போடாமல் வெள்ளனே டவுன் லேபுக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அதை மதுரைக்கு அனுப்புவார்கள். இதையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது எங்கள் வீட்டில் வேதவாக்கு. உப்பில்லாத அவரைக்காயைத் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தி வைத்து அழுதிருக்கிறேன்.

அப்போது கைகொடுத்தவள் என் தங்கை. மலையில் எங்களுக்குக் கீழே, பண்ணைக்காட்டில் காப்பியும் மிளகும் போட்டிருக்கிறார்கள். வீட்டு ஓரமாக ஒரு பம்பளிமாசு மரம், தலை பெரிசுக்குக் காய்க்கும். ஒருநாள் அதை உரித்துப் போட்டாள். அந்தச் சாற்றைக் கேழ்வரகுக் களியில் பிழிந்தேன். அவரைக்காயில் பிழிந்தேன். ரசத்தில் புளிக்குப் பதில் விட்டேன். புளிப்பும் லேசான கசப்பும் சேர்ந்ததில் உப்பில்லாத குறையே தெரியவில்லை. நாக்குக்கு உயிர் வந்தது. அதன்பிறகு பண்ணைக்காட்டு ஜீப் மேலே வருகிற வாரமெல்லாம் எனக்கு இரண்டு பழம் வரும். உப்பை ஜெயித்துவிட்டேன் என்று தெருவெல்லாம் பெருமை பேசினேன். எங்கள் ஊரில் இன்னும் ரெண்டு ரத்தக்கொதிப்புக்காரர்கள் என்னிடம் பக்குவம் கேட்டுப் போனார்கள்.

மூன்றாம் மாதம் நான்கு ப்ளஸ் இரண்டு ப்ளஸ்ஸாக இறங்கியது. வீக்கம் வடிந்தது. என் பழைய கன்னம் திரும்பி வந்தது, அழகு போய்விட்டது என்று ஊர் வருத்தப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே கை நடுங்க ஆரம்பித்தது. பூண்டை உடைத்துப் பல் பிரிக்க உட்கார்ந்தால் விரல் தன் பாட்டுக்கு ஆடியது. ரத்தத்தில் மாத்திரை அளவு எக்கச்சக்கமாகக் கூடிக் கிடந்தது. சிறுநீரகத்தின் வேலையும் கொஞ்சம் மந்தமாகியிருந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்தார். அடுத்த தடவை அளவு பாதாளத்துக்குப் போய், புரதம் மறுபடி மூன்று ப்ளஸ் ஆனது. கூட்டினார். மறுபடி உச்சிக்குப் போனது. இப்படியே மூன்று மாதம் ஏறி இறங்கினேன்.

நான்காவது தடவை மதுரையில் அவர் என் முன்னால் தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார். சில நாள் மறந்துவிட்டு, மறுநாள் சேர்த்துப் போட்டுக்கொள்கிறேனா என்று. என் காது சூடானது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு சோலியையும் பாதியில் விட்டதில்லை, மாத்திரையையா விடுவேன் என்று கேட்டேன். குரல் வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். என் கணவர் தரையைப் பார்த்தார். சாப்பிடக் கூடாத பழம், மருந்து எல்லாம் அச்சடித்த தாளை முதல் மாதமே கொடுத்திருந்தார்கள். அதில் இருந்ததெல்லாம் எங்கள் சந்தையில் கண்ணிலே படாத வெளிநாட்டுச் சரக்கு. நாட்டு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை என்று சத்தியம் பண்ணினேன்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. “அம்மா, உங்களை நான் குத்தம் சொல்லலைங்க. இன்னும் ஒரு மாசம் பாப்போம். அதுக்குள்ள அளவு நிலைக்கலைன்னா இந்த மாத்திரைய நிறுத்திடுவேன். இல்லைன்னா இதுவே உங்க கிட்னியக் கெடுத்துரும்” என்றார். மாற்று மருந்து பலித்தால் பலிக்கும். பலிக்காவிட்டால் ஒருநாள் மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதும் என் கணவர் வாயைத் திறந்தார். மெஷின் என்று வந்துவிட்டால் வாரம் மூன்று தடவை மலை ஏறி இறங்க என் உடம்பு தாங்காது. கீழே அடிவாரத்தில், பாலசமுத்திரத்தில் அவருடைய அண்ணன் வீட்டுப் பக்கமாக ஒரு வீடு பார்த்து இறங்கிவிடலாம். தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஓர் ஆள் வந்திருக்கிறார், ஐப்பசி நடவுக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவர் மனசுக்குள் பல நாளாகப் போட்டு உருட்டியிருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனுஷர் என்னைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவரை அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஊன்றாத பூண்டு என் தோட்டத்தில் முளைப்பதா? கீழே போய், வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதா? அதற்கு இந்த வியாதியே தேவலை என்று தோன்றியது.

எங்கள் பக்கம் பயிர் மஞ்சளடித்தால் ஒரே நாளில் உரம், தண்ணீர், மருந்து என்று எல்லாவற்றையும் மாற்ற மாட்டோம். மாற்றினால் எதனால் வந்தது என்று கடைசிவரை தெரியாது. ஒரு பாத்தியில் ஒன்றை மட்டும் நிறுத்தி, பத்து நாள் பார்ப்போம். சரியாகவில்லையா, அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு அடுத்ததை நிறுத்துவோம். மறுநாள் காலையில் என் உடம்பையே ஒரு பாத்தியாக வைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தேன். மாத்திரையை மட்டும் தொட மாட்டேன். தட்டில் விழுவதை ஒவ்வொன்றாக நிறுத்துவேன். கையில் ஒரு மாதம்தான் இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம். தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அன்றைக்குத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் எழுதினேன். நடுக்கத்தை அளப்பதற்கு ஒரு வழி வைத்துக்கொண்டேன். டம்ளரில் விளிம்பு தொடத் தண்ணீர் பிடித்து, குழாயடியிலிருந்து வாசற்படிவரை நடப்பேன். முற்றத்துச் சிமெண்டில் சிந்திய சொட்டுகளை எண்ணுவேன். தெருக்காரர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் வாரம் பூண்டை நிறுத்தினேன். என் கணவருக்கு அதன்மேல்தான் சந்தேகம். பூண்டுக்காரி வீட்டில் பூண்டில்லாத குழம்பு. என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் என்னைத் தள்ளி வைத்திருப்பார். சொட்டு குறையவில்லை. பூண்டு நிரபராதி என்று முதல் வேளையே கைநிறையப் போட்டுத் தாளித்தேன். இரண்டாம் வாரம் காப்பியை நிறுத்தினேன். தலைவலி வந்தது, நடுக்கம் போகவில்லை.

மூன்றாம் வாரத்துக்கு மிளகு என்று எழுதிவிட்டு, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். வெந்தயம், சீரகம், டீ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஒன்றை மட்டும் நான் எழுதவே இல்லை. அது மருந்து மாதிரி, என்னைக் காப்பாற்றியது என்று அதற்கு ஒரு விலக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். அப்போதுதான் உறைத்தது. எதை விட மனசு வரவில்லையோ அதுதானே கள்ளன். ஜீப்புக்குக் காசு கொடுத்ததைக் குறித்து வைத்த பழைய காலண்டர் தாள்களையும் லேப் சீட்டுகளையும் ஜமுக்காளத்தில் பரப்பினேன். பண்ணைக்காட்டு ஜீப் வந்த வாரங்களில் அளவு உச்சியில். மண் சரிந்து ஜீப் வராத வாரத்தில் பாதாளத்தில். எழுத்து கண் முன்னால் கிடக்கிறது, இத்தனை நாள் எனக்குத்தான் பார்க்க மனசில்லை.

தங்கைக்குப் போன் போட்டு, இனிமேல் பழம் அனுப்பாதே என்றேன். அவளுக்கு முகம் வாடியிருக்கும். “என்னக்கா, கசக்குதா?” என்றாள். என் கைக்குத்தான் கசக்குது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

உப்புமில்லாமல் புளிப்புமில்லாமல் ஆறு நாள் தின்றேன். யாரோடும் பேசவில்லை, பேசினால் சண்டையாகும். நான்காம் நாள் சொட்டு பாதியாகக் குறைந்தது. ஏழாம் நாள் காலையில் குழாயடியிலிருந்து நடந்து வந்து படியில் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். சிமெண்டு காய்ந்து கிடந்தது. நம்பாமல் இன்னொரு தடவை நடந்தேன். ஒரு சொட்டு இல்லை. என் கணவர் மண்வெட்டியோடு அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. அப்படியே படியில் உட்கார்ந்து, அந்தத் தண்ணீரையே குடித்தேன்.

மதுரைக்குப் போகும்போது ஒரு பம்பளிமாசை மட்டும் தங்கையிடம் கேட்டு வாங்கி, துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போனேன். என் முறை வந்ததும் டாக்டரம்மாவின் மேஜையில், அவருடைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அதை வைத்தேன். பக்கத்திலேயே காலண்டர் தாள்கள். “மாத்திரைய நான் ஒருநாளும் விடலைங்க. திருட்டுத்தனம் பண்ணுனது இதுதான்” என்றேன்.

அவர் பழத்தைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார், ஜீப் வந்த தேதிகளையும் லேப் தேதிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். போனில் எதையோ தேடிப் படித்தார். பிறகு எழுந்து நின்றுவிட்டார். குடலிலும் ஈரலிலும் இந்த மாத்திரையை உடைத்துக் கழிக்கிற வேலையாள் ஒருவன் இருக்கிறானாம். இந்தப் பழத்தின் சாறு அவனைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் மாத்திரை கழியாமல் ரத்தத்தில் தேங்கும். கால்சியம் வாசல், உத்தரவு என்று அவர் படம் போட்டதெல்லாம் சரிதான், மாத்திரையும் சரியான மாத்திரைதான். அளவைக் கெடுத்தது என் ரசம். தாளில் அச்சடித்திருந்த வெளிநாட்டுப் பழத்துக்கு இது பெரியப்பா முறை, ஒரே குணம். “இந்தப் பழம் எங்க தாள்ல இல்லைங்கம்மா. தப்பு எங்க மேலதான். உங்ககிட்ட அன்னைக்கு அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கங்க” என்றார்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பெரிய மனசாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். பழமொழி பாதியில் மறந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். ஒரு டாக்டர் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், நான் எட்டாம் வகுப்பு. சந்தேகம் தீர இன்னும் ஒரு வாரம் பழத்தைத் தின்றுவிட்டு ரத்தம் பார்க்கலாமா, நாங்கள் பாத்தியை அப்படித்தான் உறுதிப்படுத்துவோம் என்று கேட்டேன். அவர் பழத்தைச் சட்டென்று இழுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார்.

பழமில்லாத உடம்புக்கு என்று மாத்திரையைப் புதிதாக அளந்து கொடுத்தார். அடுத்தடுத்து எடுத்த ரத்தத்தில் அளவு ஓர் இடத்தில் நின்றது. மந்தமாகியிருந்த வேலையும் சீரானது. புரதம் இரண்டு ப்ளஸ், ஒரு ப்ளஸ், லேசான சுவடு என்று இறங்கியது. குத்தகைக்காரருக்குச் சொன்ன தவணை மட்டும் பக்கத்தில் வந்துவிட்டது. என் கணவர் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஐப்பசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது நான் தனியாக மதுரைக்குப் போனேன். அவர் என்னோடு வரவில்லை, அன்றைக்குக் குத்தகைக்காரர் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா சிறுநீர் முடிவை இரண்டு தடவை படித்தார். புரதம் இல்லை. இந்த வியாதி திரும்பியும் வரக்கூடியது, மாத்திரையை இன்னும் பல மாதம் விடக் கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் சிரித்தார். “இனி மாசாமாசம் இங்க வர வேணாம். ரத்தத்த அங்கயே குடுத்துருங்க. என்னை மூணு மாசம் கழிச்சுப் பாத்தாப் போதும்” என்றார். ஒரு பூண்டு வெள்ளாமைக்கு முக்கால்வாசிக் காலம் அது. நான் மனசுக்குள் கணக்குப் போட்டதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

வெளியே வந்து, பஸ் நிலையத்து இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டேன். என் கணவர் எடுத்தார். பின்னால் இன்னோர் ஆண் குரல், ஓரப் பாத்தியின் மண்ணைப் பற்றி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னாங்க என்று இவர் கேட்டார். குரல் அடியிலிருந்து வந்தது. எனக்கு நீட்டி முழக்கத் தெரியவில்லை.

“புரதம் ஒண்ணுமில்லாமப் போச்சுங்க. பரண்லேர்ந்து வெதைப் பூண்ட இறக்கி வைங்க” என்றேன்.

அவர் குரல் கேட்டது, ஆனால் பேசியது என்னிடம் இல்லை, அந்த ஆளிடம். இருபத்தைந்து வருஷத்தில் அந்த மனுஷர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“குத்தகைக்கு இல்லைங்க, நீங்க கெளம்புங்க. எங்க வீட்டம்மா ஊனுறாங்க.”